மறு: "எரோஷன் மாடலிங்" – துகளரிப்பு என்று வைக்கலாம்

நண்பர்களே,

மணல் போன்ற துகள்கள் மோதி உலோகம் தேய்வதைக் கணினியில் கணிப்பதுதான் எரோஷன் மாடலிங். அதற்கான தமிழ்க் கலைச்சொல் வரைவைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> எரோஷனுக்கு அரிமானம் போதாதா? பாடநூலில் இருக்கும் சொல்தானே.

இருக்கிறது, ஆனால் வேறு வேலையில் இருக்கிறது. பள்ளி வேதியியலில் அரிமானம் என்றால் துருப்பிடித்தல் வகையறா, அதாவது கரோஷன். எண்ணெய்க் கிணற்றிலிருந்து மணலோடு வரும் குழாயில் இரண்டுமே நடக்கும். கார்பன் டை ஆக்சைடால் உலோகத்தின் மேல் படியும் காப்புப் படலத்தை மணல் அடித்து நீக்கிவிடும். வெறுமையான இடத்தில் வேதிவினை மறுபடி தொடங்கும். இதில் எது எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டியவருக்கு இரண்டு சொல் வேண்டும்.

தேய்மானம் பொதுச்சொல்லாக இருக்கட்டும். (கணக்காளர்களும் அதை விடமாட்டார்கள்.) துகள் மேற்பரப்பில் அழுந்தி உரசிக்கொண்டே போனால் சிராய்ப்பு. பறந்துவந்து மோதித் தெறித்தால் நாம் தேடும் சொல்.

இங்கே 'அரி' என்ற வேர் எதிர்பாராமல் கைகொடுக்கிறது. 1960இல் ஆய்வாளர் ஃபின்னி தந்த கணித மாதிரியில், சாய்வாக வரும் துகள் ஒரு குட்டி வெட்டுளிபோல உலோகத்தைச் சீவி எடுக்கிறது. அரிதல் என்றால் வெட்டுதல். அரிவாளில் இருப்பது அதுதான். ஆனால் அந்தக் கணித மாதிரி செங்குத்து மோதலில் தேய்வே இல்லை என்று சொல்லிவிடும், நடப்பில் அப்படி இல்லை. 1963இல் பிட்டர் என்ற ஆய்வாளர், திரும்பத் திரும்ப அடிபட்டு உருக்குலைவதால் வரும் தேய்வையும் தனியாகச் சேர்த்தார். எஃகு போன்ற உலோகங்களில் 15 முதல் 30 பாகைச் சாய்வில் இழப்பு உச்சம்; கண்ணாடி, பீங்கான் போன்றவற்றில் 90 பாகையை ஒட்டி. தேய்வு, துகள் வேகத்தின் ஓர் அடுக்குக்கு ஏற்பக் கூடும்; அந்த அடுக்கு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில். 2.5 என்று வைத்தால், வேகம் இருமடங்காகும்போது தேய்வு ஐந்தரை மடங்குக்கு மேல். குழாய் வளைவில் ஓட்டை விழுவது ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

> துகளரிப்பு என்றால் துகள் அரிக்கப்படுவதாக ஆகாதா? மண்ணரிப்பில் மண்தானே போகிறது?

நல்ல கேள்வி. ஆனால் கடலரிப்பில் கடலா கரைகிறது? கரையை அரிப்பது கடல். இரண்டு வகையும் வழக்கில் உண்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். மோதரிப்பு என்று ஒருவர் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் எது மோதுகிறது என்று சொல்லவில்லை. காதுக்கு மோதிரம் மாதிரியும் கேட்கிறது. துகளரிப்பு என்று வைத்தால் காற்றாலை இறக்கையின் முன்விளிம்பை மழைத்துளி தேய்ப்பது துளியரிப்பு, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் நீராவிக் குமிழ் சட்டென்று உள்ளொடுங்கிப் பள்ளம் பறிப்பது குமிழரிப்பு. ஒரே குடும்பமாகப் போய்விடும். என் ஓட்டு இதற்கே.

இதைவிட எனக்குக் கவலை தருவது விகிதம், வீதம் குழப்பம். தேய்வைக் கணிக்கும் மென்பொருளில் இரண்டு வெவ்வேறு எண்கள் வருகின்றன. மோதிய துகளின் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ உலோகம் போனது என்பது அரிப்பு விகிதம், அலகு கிடையாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை கிலோ என்பது அரிப்பு வீதம். வரைவில் இரண்டுக்கும் விகிதம் என்றே இருக்கிறது. மென்பொருள் காட்டும் வண்ணப்படத்தைப் பார்த்துக் குழாய்க்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போடப்போகிறவர் ஏமாந்துபோவார். தயவுசெய்து திருத்துங்கள்.

அப்புறம், மோதும் கோணத்துக்குத் 'தாக்கக் கோணம்' வேண்டாம். தாக்கம் இப்போது விளைவு என்ற பொருளில்தான் அதிகம் ஓடுகிறது. மோதுகோணம் என்று விட்டுவிடலாம். சுவரில் பட்டுத் திரும்பும்போது துகளிடம் மிஞ்சும் வேகப் பங்குக்கு 'மீள்வேகக் கெழு' என்று எழுதிப் பார்த்தேன். செங்குத்துத் திசைக்கும் தொடுதிசைக்கும் தனித்தனியாக வரும் என்பதால் இன்னும் சுருக்கமாக ஒன்று கிடைத்தால் நல்லது. யாரிடமாவது இருக்கிறதா?