‘காகங்கள்’ கூட்டமும் காலச்சுவடும்

கேள்வி: பாறசாலையில் மாதாமாதம் வாசிப்புக் கூட்டம் தொடங்கப் போகிறோம். நாகர்கோவிலில் நடந்த ‘காகங்கள்’ பற்றிச் சொல்லுங்களேன், காலச்சுவடு இதழுக்கு முந்தையதா?

பதில்: ஆமாம், முந்தையது. எழுத்தாளர் சுந்தர ராமசாமி (சு.ரா.) முன்னின்று நடத்திய இலக்கிய உரையாடல் அது. காலச்சுவடு 1988இல் காலாண்டிதழாக அவர் ஆசிரியராக இருந்து தொடங்கியது. இடையில் நின்றுபோய், 1994இல் அவர் மகன் கண்ணன் மறுபடி கொண்டுவந்தார், அப்புறம் மாத இதழானது. ஒரு சிற்றிதழ் நின்றபிறகு எழுந்து இவ்வளவு காலம் ஓடுவது பெரிய விஷயம்.

இன்னொரு பதில்: அண்ணாச்சி சொன்னது சரி. 1956 வரை நாகர்கோவில் இருக்கும் குமரிப் பகுதி, மலையாள மாநிலமான திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, மலையாள எழுத்தாளர் தகழியின் செம்மீன் நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் சு.ரா.தான். அதனால் உங்கள் கூட்டத்தில் மலையாளக் கதைகளையும் கட்டாயம் வாசியுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணாச்சி, முதல் மாதமே செம்மீன் வைக்கிறோம்.