பழிவாங்கும் வேலைக்காரப் பெண்: அந்த டிரைவரை ஏன் சிறைக்கு அனுப்பினார்கள்?

வியாசர்பாடி குமரன்

நம் ஏரியாவில் பாதிப் பேர் பார்த்து முடித்துவிட்டார்கள், அதனால் முழுக்கதையையும் பேசுகிறேன். பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் டப் ஆகி வந்திருக்கிற அந்த வெளிநாட்டு க்ரைம் தொடரைத்தான் சொல்கிறேன். பெரிய வக்கீல் ஒருவர் வீட்டில் வேலை செய்த இளம்பெண், மாடி ஜன்னலைத் துடைக்கும்போது விழுந்து இறந்துபோகிறாள். விபத்து என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அவளுடைய அக்கா பாக்கிச் சம்பளம் கேட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையில் பணத்தைத் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். சில வருடம் கழித்து அதே அக்கா வேறு பெயரில் அதே வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். ஒருத்தருக்கும் அவள் முகம் நினைவில் இல்லை. அங்கிருந்து தொடங்குகிறது பழி.

எனக்கு ரொம்பப் பிடித்தது. க்ரைம் என்றால் நம் பக்கம் கத்தியும் ரவுடியும்தான் என்று எத்தனை வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வடசென்னைப் பெண் என்றால் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பவள். இதில் வருகிறவள் குரலையே உயர்த்துவதில்லை. மூன்றாவது எபிசோடில் அவள் குப்பைக் கூடையைக் கவிழ்க்கிற காட்சியைப் பாருங்கள். மாத்திரை அட்டையில் எந்தக் குழி உடைந்திருக்கிறது, எது உடையவில்லை என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். அந்த வீட்டு எஜமானி அம்மா மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்பது புருஷனுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். போலீஸ் மோப்ப நாயை வைத்துத் தேடுவதை, வீட்டைப் பெருக்குகிறவள் தினமும் கையில் அள்ளிக் கொட்டுகிறாள்.

பெரம்பூர் சங்கர்

தம்பி, நானும் முழுசாகப் பார்த்தேன். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. தங்கை செத்த வீட்டு வாசலில் நின்று சம்பளம் வாங்கிப் போனவளை, சில வருடத்தில் அந்தக் குடும்பமே மறந்துவிடுமா? அதுவும் வக்கீல் குடும்பம். முகத்தை வைத்தே ஆளை எடை போடுகிறவர்கள். துப்பறியும் கதை படிப்பவன் இப்படி ஒரு ஓட்டையை விட்டுவிட்டு ரசிக்க முடியாது.

இன்னொன்று. எங்கள் அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் இந்தத் தொடர் வந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகல் வாங்கலாமா, சமையலறையில் கேமரா வைக்கலாமா என்று. கதை எழுதியவர் அவள் பக்கம் நின்று எழுதியிருக்கலாம். பார்த்துவிட்டுப் பயப்படுகிற வீட்டுக்காரர்கள் செய்வது அவளுக்கு எதிராகத்தானே முடிகிறது?

கொருக்குப்பேட்டை செல்வி

சங்கர் சார், மறப்பார்களா என்று கேட்டீர்கள். நான் வீட்டு வேலை செய்கிறவள். சவுக்கார்பேட்டையில் ஒரு வீட்டில் ரொம்ப வருடம் வேலை பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் அந்த வீட்டு அம்மா எதிரே வந்தார். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் என் பேத்தி. நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் யார் என்று கேட்டார். கெட்டவர் இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர்தான். இடுப்பில் சொருகின சேலையும் ஈரக் கையும் இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தொடரில் அந்தக் காட்சி வந்ததும் எங்கள் சந்தில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றோம்.

ராயபுரம் மேரி

செல்வி அக்கா, நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இந்தத் தொடர் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா கீழ்ப்பாக்கத்தில் பத்துப்பாத்திரம் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்த வீட்டில் ஒரு செயின் காணாமல் போனது. அன்றைக்கு வீட்டில் உறவுக்காரர்கள், ஏசி மெக்கானிக், டியூஷன் வாத்தியார் என்று பத்துப் பேர் வந்து போயிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது என் அம்மாவை மட்டும். சேலை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். செயின் அப்புறம் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா தானாகவே அந்த வேலையை விட்டார்.

அதனால்தான் "யார் கண்ணுக்கும் படாத பெண்" என்று தொடர் கட்டுகிற கதையை நான் நம்பவில்லை. வீட்டிலேயே அதிகம் கண்காணிக்கப்படுகிறவள் அவள்தான். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். கேட்டில் நேரம் எழுத வேண்டும். எந்த டம்ளரில் குடிக்கிறாள் என்பதுகூடக் கணக்கில் இருக்கும். அவள் கண்ணில் படாமல் போவது அவளுக்கு ஏதாவது நடந்தால் மட்டும்தான். இதில் பாதியைத்தான் தொடர் பிடித்திருக்கிறது. கதாநாயகி எட்டு எபிசோடும் விஷமும் சாவியுமாக வீடு முழுக்க அலைகிறாள், ஒருத்தர் அவள் பையைத் திறந்து பார்க்கவில்லை. எந்த ஊரில் இப்படி?

வியாசர்பாடி குமரன்

மேரி, அது த்ரில்லருக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரம். ஒவ்வொரு கேட்டிலும் பையைத் திறந்தால் கதை இரண்டாவது எபிசோடில் முடிந்துவிடும்.

ராயபுரம் மேரி

கேட்டில் பையைத் திறந்தும் அவள் ஜெயித்திருந்தால் நானே எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

தண்டையார்பேட்டை பாரி

ஜார்ஜ் டவுன் கோர்ட் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், வாதத்துக்கு உதவும்.

தொடரில் தங்கையின் சாவை ஒரே நாளில் விபத்து என்று மூடுகிறார்கள். அது அந்த ஊர் நடைமுறை. நம் ஊரில் என்ன நடக்கும்? சந்தேக மரணம் என்று பதிவு செய்வார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை உண்டு. வேலை செய்யும் வீட்டில் வேலைக்காரப் பெண் இறந்தால் அப்படி ஒரு தனி ஏற்பாடு கிடையாது. ஸ்டேஷன் என்ன எழுதுகிறதோ அதுதான். உறவுக்காரர்கள் புகார் கொடுத்தால் பல நேரம் வழக்குப் போடாமல், புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமே.

மேரி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது. பெண்ணை சாட்சியாக விசாரிப்பதானால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. இது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. திருட்டுக்கு வருவோம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை. எஜமானர் பொருளை வேலைக்காரர் திருடினால் தனிப் பிரிவு, ஏழு வருடம் வரை. 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 381. இப்போதைய நியாய சன்ஹிதாவில் 306. எண்தான் மாறியிருக்கிறது.

பெரம்பூர் சங்கர்

பாரி, வீட்டுக்குள் புகுந்து யார் திருடினாலும் ஏழு வருடம் வரைதான். வேலைக்காரருக்கு மட்டும் கூடுதல் என்பது போலச் சொல்வது சரியில்லை.

தண்டையார்பேட்டை பாரி

சரிதான் சார், அது 380, இப்போது 305. என் கேள்வி வேறு. வீட்டுத் திருட்டுக்கே ஏழு வருடம் இருக்கும்போது வேலைக்காரர் என்று பெயர் சொல்லி இன்னொரு பிரிவு எதற்கு? வேலைக்காரரின் சம்பளத்தை எஜமானர் பிடித்துவைத்துக்கொண்டால் அப்படிப் பெயர் சொல்லி ஒரு பிரிவைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கொருக்குப்பேட்டை செல்வி

பாரி தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007-ல் தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் வந்தது. 2013-ல் வந்த பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் நாங்கள் வேலை செய்கிற வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 2018-ல் அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்தது, மணிக்கு நாற்பது ரூபாய்கூட வரவில்லை, அதையும் கேட்டு வாங்க முடிந்தவர்கள் குறைவு. 2011 ஜூன் 16-ல் ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எங்களுக்காக ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. இதையெல்லாம் நாங்கள் கூட்டம் போட்டுச் சொல்கிறோம். எங்கள் சந்துப் பெண்கள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடம்பு. இந்தத் தொடரை மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஏன் என்று யோசிக்க வேண்டும், மேரி. யாரும் போய் விஷம் வைக்கப் போவதில்லை. ஒருத்தி திருப்பிக் கேட்டாள் என்பதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள்.

ராயபுரம் மேரி

அக்கா, அவள் யாரிடம் திருப்பிக் கேட்டாள்? ஆறாவது எபிசோடுக்கு வாருங்கள். வக்கீலின் மகன் சாகிறான். பழி யார் தலையில் விழுகிறது? அந்த வீட்டு டிரைவர் தலையில். காலையில் இவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிற மனுஷன். கார் கழுவுகிற வாளியை இவள் மாடிக்குத் தூக்கிப் போக உதவியவன். போலீஸ் அவனை இழுத்துப் போகும்போது இவள் சமையலறை ஜன்னலில் நிற்கிறாள், கையில் துணி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் திட்டம் கெட்டுவிடும். மிச்சம் இரண்டு எபிசோட் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. பின்னணி இசை வேறு அவளை வீராங்கனை ஆக்குகிறது.

என் அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்களே, அதே வேலையைத்தான் இவள் டிரைவருக்குச் செய்தாள். இதை நான் எப்படிக் கை தட்டிப் பார்ப்பேன்?

பெரம்பூர் சங்கர்

இந்த ஒரு விஷயத்தில் மேரி பக்கம்தான் நிற்கிறேன். நான் கதைக்கட்டில் குறை சொன்னேன், அவர் சொல்வது அதைவிடப் பெரியது. எழுதியவருக்கு டிரைவர் ஒரு திருப்பத்துக்குத் தேவைப்பட்டான். திருப்பம் முடிந்ததும் அவனைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

வியாசர்பாடி குமரன்

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அவள் அந்த ஜன்னலில் நிற்கிற காட்சியில் கேமரா ரொம்ப நேரம் நகரவே இல்லை. கையில் இருக்கிற துணியை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள், தண்ணீர் தரையில் சொட்டுகிறது. துடைக்கிறவள் அதைத் துடைக்கவில்லை. தான் யாராகிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிகிறது. பழிவாங்குகிறவர்களை நல்லவர்களாகவே காட்ட வேண்டும் என்றால் அது சாமி படம் ஆகிவிடும். அவள் தப்பு செய்கிறாள், அதையும் பார்க்கிறோம், அவள் பக்கமும் நிற்கிறோம். நல்ல க்ரைம் கதை பார்க்கிறவனைச் சும்மா விடாது.

ராயபுரம் மேரி

அவளுக்குத் தெரிகிறது, சரி. கதைக்குத் தெரிகிறதா? தெரிந்திருந்தால் டிரைவர் வீட்டுக்கு ஒரு தடவையாவது கேமரா போயிருக்கும். வக்கீல் வீட்டுத் துக்கத்துக்கு ஒரு எபிசோட் முழுக்க ஒதுக்கினார்கள். டிரைவர் பெண்டாட்டி வருவது ஒரே காட்சி, அதில் அவளுக்கு வசனம் கிடையாது.

தண்டையார்பேட்டை பாரி

நடைமுறையில் அந்த டிரைவர் கதை என்ன ஆகும் தெரியுமா? ஜாமீனுக்கு இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும். முதலாளி வீட்டுக் கொலை வழக்கில் யார் வருவார்கள்? புழல் சிறையில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பெண்டாட்டி வாரத்துக்கு ஒரு நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பேசிவிட்டு வருவாள். அந்த லீவினாலேயே அவளுக்கும் வேலை போகும். கோர்ட் வாசலில் இதை நான் பார்க்காத மாதம் இல்லை.

கொருக்குப்பேட்டை செல்வி

மேரி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கதாநாயகியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தங்கை விழுந்த ஜன்னலைத் தினம் அவள் கையாலேயே துடைக்க வைக்கிறார்கள். அதற்குப் பிறகும் அவளிடம் நியாயம் தராசு பிடித்தாற்போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு மனசு வரவில்லை. டிரைவர் விஷயத்தில் தப்பு எழுதியவருடையது.

அடுத்த சீசன் வரும் என்கிறார்கள். வந்தால் அந்த டிரைவர் பெண்டாட்டியிடமிருந்து தொடங்கட்டும். அவள் இந்தக் கதாநாயகியைத் தேடிக்கொண்டு அதே வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரட்டும். இவளுக்காவது அவள் முகம் அடையாளம் தெரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

ராயபுரம் மேரி

அப்படி எடுத்தால் முதல் நாளே உங்கள் சந்துக்கு வந்து உங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கிறேன், அக்கா. இந்த சீசனுக்கு என் பதில் மாறாது.