286 புத்தகம், ஏழே கால் வருஷம்: எங்கிருந்து தொடங்குவது?

மேசைவிளக்கு:

சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருந்ததால் போன வாரம் அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். மொத்தம் 611. படித்தவை 325. மீதி 286 படிக்காதவை. அதில் பதினான்கு இன்னும் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் இருக்கின்றன.

எண்ணியதும் போதவில்லை. எக்செலில் ஏற்றினேன். படிக்காதவற்றின் பக்கங்களைக் கூட்டினால் 79,400. நான் படிக்கும் வேகத்தையும் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன்: நாவல் என்றால் அரை மணிக்கு 28 பக்கம், கட்டுரை என்றால் 16, தத்துவ மொழிபெயர்ப்பு ஒன்று வெறும் 7 (அதிலும் இரண்டு பக்கம் திரும்பப் படித்தவை). நாளைக்குச் சராசரி 30 பக்கம் என்று தாராளமாகவே வைத்தேன். 2,647 நாள். ஏழே கால் வருஷம். இதற்கிடையில் வருஷத்துக்கு 35 புத்தகம் வாங்குகிறேன் என்று பழைய ரசீதுகள் சொல்கின்றன. அதாவது இந்த 286-ஐ முடித்து நிமிரும் நாளில், புதிதாக 254 எனக்காகக் காத்திருக்கும்!

இதுவரை முயன்றவை:

முதலில், "இந்த வருஷம் ஒன்றுகூட வாங்க மாட்டேன்." மார்ச் வரை தாக்குப்பிடித்தது.

அடுத்தது அகரவரிசை. 'அ' நன்றாகப் போனது. 'ஆ'-வில் 900 பக்க வரலாற்று நூல் ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டது. நான்கு மாதம் அதையும் படிக்கவில்லை, வேறு எதையும் படிக்கவில்லை.

மூன்றாவது, எத்தனை முடித்தோம் என்று எண்ணிக்காட்டும் ஆப். டிசம்பரில் 41 என்று காட்டி வாழ்த்தும் சொன்னது. பட்டியலைத் திரும்பிப் பார்த்தால் 150 பக்கத்தைத் தாண்டிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. எண் ஏறவேண்டும் என்று எனக்கே தெரியாமல் ஒல்லியாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன். என்னை நானே ஏமாற்றுவதில் இவ்வளவு திறமை இருக்கும் என்று அதுவரை தெரியாது.

என் கேள்வி: எந்த வரிசையில் படிப்பது? எதை விடுவது? விடலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று. ஒரு நண்பர் 2016-ல் முதல் பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்த புத்தகம் இருக்கிறது. மறுவருஷம் அவர் இறந்துவிட்டார். அதை எடுப்பேன், அந்த நாலு வரியைப் படிப்பேன், வைத்துவிடுவேன். அடுத்த பக்கம் போனதே இல்லை.

முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: அந்த ஜப்பானியச் சொல்லை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். சுண்டோகு. தெரியும். வாங்கி அடுக்கிவைத்துப் படிக்காமல் விடுவதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதால் அலமாரியில் ஓர் அங்குலம்கூடக் காலியாகவில்லை.

—

ஓரக்குறிப்பு:

சுண்டோகு என்று சொல்லத்தான் வந்தேன். போய்வருகிறேன்.

போகும் முன் ஒரு சந்தேகம். 286-ல் அகராதி, கலைக்களஞ்சியம், முழுத்தொகுப்பு எல்லாமும் சேர்த்தியா? அகராதியை யாராவது 'அ' முதல் படித்து முடிப்பார்களா? வீட்டில் தீயணைப்பான் இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தி முடிக்கவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை.

—

மேசைவிளக்கு:

சேர்த்திருக்கிறேன். இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன், அந்த வகையில் மட்டும் 39. ஒரே நிமிஷத்தில் 247. கணக்குக்காரிக்கு இது தோன்றாமல் போனது வெட்கமாக இருக்கிறது.

—

பழைய நூலகர்:

அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் எக்செலைப் பார்த்துச் சிரித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்களும் வருஷா வருஷம் இருப்பு எடுப்போம். ஆனால் மொத்தப் பக்கத்தைக் கூட்டி, இதை எப்போது முடிப்பது என்று எந்த நூலகரும் கவலைப்பட்டதில்லை.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகம் வளரும் உயிர். வேலைக்குச் சேர்ந்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தவை. மூன்றாவது விதியின் பொருள் எனக்கு உறைத்தது பத்து வருஷம் கழித்து. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்றார். அந்த வாசகர் அதை வாங்கி வைத்திருப்பவர்தான் என்று சொல்லவில்லை. உங்கள் 247-ல் பல, வேறு யாருக்கோ உரியவை. உங்கள் வீட்டில் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஐந்தாவது விதியையும் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். வளரும் உயிர் என்றால் பருத்துக்கொண்டே போவது இல்லை. குழந்தை உயரமாக வளரும். பெரியவர் உடம்பில் பழைய செல் போய்ப் புதிய செல் வரும், உயரம் மாறாது. வீட்டு அலமாரி இரண்டாவது வகை.

எதை விடுவது என்று தெரியவில்லை என்றீர்கள். நூலகங்களில் ஒரு பழைய வழி உண்டு. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து யாராவது எடுக்கும் புத்தகத்தின் முதுகில் ஒரு புள்ளி வைப்போம். இரண்டு மூன்று வருஷம் கழித்து அடுக்கைப் பார்த்தாலே போதும். புள்ளி இல்லாதவை கழிவுக்குரியவை. நீங்கள் பென்சிலால் உள்ளட்டையில் வையுங்கள். படித்து முடித்தால்தான் புள்ளி என்று வேண்டாம், எடுத்துப் புரட்டினாலே வைக்கலாம். கை எதை நாடுகிறது என்பது மனசு சொல்வதைவிட நம்பகமானது.

விடுவதற்குத் தயக்கம் என்றால் நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகரின் கணக்கு இருக்கிறது. எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் கொடு, பிடிக்கவில்லை என்றால் மூடு. ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து, மிச்சம் வரும் பக்கம் மட்டும் படித்தால் போதும். எனக்கு 68. ஆகவே 32 பக்கம். வயதானதில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை இதுதான்.

நான் வீட்டில் செய்வதையும் சொல்கிறேன். என் சொந்தப் புத்தகங்களில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். இரவல் வாங்கிய புத்தகத்தை நாம் படித்துவிடுகிறோம். ஏன்? திருப்பித் தர வேண்டிய தேதி இருக்கிறது. சொந்தப் புத்தகத்துக்குத் தேதி கிடையாது, அதனால் என்றைக்கும் நாளைக்குத்தான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது 21 நாள் போட்டு முத்திரை குத்துவேன் (முத்திரைக் கட்டை வேலையிலிருந்து கொண்டுவந்தது, யாரிடமும் சொல்லாதீர்கள்). ஒரு முறை புதுப்பிக்கலாம். இரண்டாவது தவணையும் தாண்டினால் அது வீட்டைவிட்டு வெளியேறும். அபராதம் கிடையாது.

தரையில் பரப்பியிருக்கும்போதே ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புத்தகக் கட்டில் இருக்கும் பசை அதற்குப் பிடிக்கும், ஈரம் இன்னும் பிடிக்கும். சந்தேகமான புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் முழுதும் அடங்கட்டும். சுவரோடு ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

நண்பர் கொடுத்த புத்தகத்துக்கு எந்த விதியும் கிடையாது. அது கணக்கிலேயே வராது.

—

மடித்தமூலை:

ஐயா சொன்ன தேதிச் சீட்டை நான் திருடிக்கொள்கிறேன்.

அக்கா, உங்களுக்கு நேரம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். உட்கார்ந்தால் மடியில் ஏறுவாள், புத்தகத்தைப் பார்த்தால் கிழிப்பாள். போன வருஷம் நின்றுகொண்டே ஒரு முழு நாவல் படித்தேன், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்து.

நான் வரிசை வைப்பதை விட்டுவிட்டேன், இடம் வைக்கிறேன். கனமானது மேசையில், விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன் பத்துப் பக்கம். பையில் சிறுகதைத் தொகுப்பு ஒன்று, ஏனென்றால் எங்கேயாவது காக்க வைப்பார்கள், ஒரு கதைக்கு அது போதும். தலைமாட்டில் ஏற்கெனவே படித்த ஏதாவது. புதியதை வைத்தால் தூங்க மாட்டேன், கடினமானதை வைத்தால் படிக்க மாட்டேன். உங்கள் 'ஆ' படுத்துக்கொண்டதற்குக் காரணம் அது 900 பக்கம் என்பதில்லை அக்கா, அது மட்டும்தான் கையில் இருந்தது என்பதே. அது மேசையில் கிடக்க, பையில் வேறொன்று இருந்திருந்தால் இன்னேரம் பாதி வந்திருப்பீர்கள்.

ஒரு குற்ற ஒப்புதல்: என் மின்படிப்பானில் 400-க்கு மேல் திறக்காமல் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. தூசி படிந்தால்தான் உறுத்தும் போலிருக்கிறது.

—

ஓரக்குறிப்பு:

மீண்டும் நான்தான். எல்லாரும் எப்படிப் படிப்பது என்கிறீர்கள். வருஷத்துக்கு 35 உள்ளே வருகிறதே, அந்தக் குழாயை யார் மூடுவது?

—

மேசைவிளக்கு (மூன்று வாரம் கழித்து):

ஐயா, அம்மா என்று கூப்பிட்டு எழுதியதற்கு நன்றி. சுவர் காய்ந்துவிட்டது. புத்தகங்கள் பாதிதான் மேலே ஏறியிருக்கின்றன.

அகராதி வகை தனி அடுக்குக்குப் போய்விட்டது. மீதி 247-ஐ அகரவரிசையும் பொருள்வரிசையும் இல்லாமல், வாங்கிய வருஷப்படி அடுக்கிப் பார்த்தேன். ரசீதைப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கும் பழக்கம் இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. அடுக்கியதும் எனக்கே யாரையோ பார்ப்பது போல இருந்தது. 2009-ல் வாங்கியவள் பொருளாதாரம் கற்றுக்கொள்ளப் போகிறாள், பதினொரு புத்தகம். 2012-காரி வான்வெளியையும் குவாண்டத்தையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்திருக்கிறாள். 2014-ல் தோட்டம். எனக்குத் தோட்டமே கிடையாது. இவர்கள் எல்லாரும் வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நான் ஒருத்தி மட்டும் படித்துத் தீர்க்க வேண்டுமாம்.

தோட்டம் முழுவதும், பொருளாதாரத்தில் எட்டு, இன்னும் சில்லறையாகப் பல என்று 61 புத்தகம் அட்டைப்பெட்டியில் வைத்து வாசலுக்குப் போய்விட்டன. குவாண்டத்தை விட மனசில்லை. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

50 பக்கக் கணக்கில் ஆறு புத்தகம் மூடினேன். எனக்கு 47. வயதுச் சலுகைக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. மடித்தமூலை சொன்னபடி 'ஆ' மேசைக்குப் போனது. 212-ம் பக்கம். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது அந்தப் புத்தகம். நான்கு மாதம் அதன்மேல் கோபமாக இருந்தேன். ஓரக்குறிப்பு கேட்ட குழாய்க்கு: வாங்க நினைப்பதை ஒரு தாளில் எழுதி 'ஆ'-வுக்குள் வைக்கிறேன். 'ஆ' முடிந்த பிறகுதான் அந்தத் தாளைப் பார்ப்பது என்று ஏற்பாடு. இதுவரை ஒன்பது பெயர். அதில் மூன்று எதற்காக எழுதினேன் என்று இப்போதே ஞாபகம் இல்லை.

நண்பரின் புத்தகத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். உண்மையைச் சொன்னால், சுமார். வேறு யாராவது கொடுத்திருந்தால் ஐம்பதில் மூடியிருப்பேன். 63-ம் பக்கத்தில் ஓரத்தில் பென்சில் கோடு. புதிதாக வாங்கிக் கொடுத்தார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், தான் படித்த பிரதியைத்தான் கொடுத்திருக்கிறார். பின்பக்கமாகப் புரட்டினேன், நெடுகக் கோடுகள். 213-ல் பக்கத்தின் பாதி உயரத்துக்கு ஒரு கேள்விக்குறி. நேராக அங்கே போய்ப் படித்தால் எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை, முன்னால் உள்ளது தெரிய வேண்டும். இப்போது 96-ல் இருக்கிறேன்.

வாசலில் இருக்கும் பெட்டியை இன்னும் யாரிடமும் சேர்க்கவில்லை. நேற்று இரவு அதிலிருந்து இரண்டை எடுத்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். தோட்டம்தான்.

—

பழைய நூலகர்:

இரண்டுதானே அம்மா. நான் ஓய்வு பெற்ற வாரம் கழிவுக் கட்டிலிருந்து பதினொன்று தூக்கி வந்தேன். பத்து இன்னும் படிக்கவில்லை. பெட்டியை மட்டும் நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.