கிளிஃப்டன் ஸ்டேஷன் யார்டு பிளான்: பழைய மேப்பிலிருந்து எடுத்த அளவு பொருந்தவில்லை, உதவி தேவை

கானமாரா4மிமீ:
வணக்கம். அயர்லாந்தின் கால்வே–கிளிஃப்டன் கிளைப் பாதையில் கடைசி ஸ்டேஷனான கிளிஃப்டனை 4 மி.மீ. ஸ்கேலில் (1:76.2) செய்யத் திட்டம். காலம் 1910 வாக்கில், மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கையில் பாதை இருந்த சமயம். கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலான இடைவெளி) 21 மி.மீ.

இணைய மேப் ஒன்றின் மேல் போர்த்தியிருக்கும் 25 அங்குல (மைலுக்கு 25 அங்குலம், 1:2500) ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) மேப்பை ஜூம் 18ல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஒரு பிக்சலுக்கு 0.597 மீட்டர் என்று கணக்கிட்டுப் பெரிதாக்கினேன். இப்போது சிக்கல்கள்:

அருகருகே உள்ள இரண்டு லைன்களுக்கு மையத்திலிருந்து மையம் 79 மி.மீ. வருகிறது. பாயின்ட்கள் (லைன் இரண்டாகப் பிரியும் இடங்கள்) எல்லாம் 5க்கு 1 (5 அளவு நீளத்துக்கு 1 அளவு விலகல்) போல மிகக் கூர்மையாகத் தெரிகின்றன. லைன்கள் ஒன்றையொன்று வெட்டினால் அது வெறும் டயமண்டா (குறுக்கே கடப்பது மட்டும்), ஸ்லிப்பா (ஒரு லைனிலிருந்து மற்றதற்கு மாறவும் முடிவது) என்று மேப்பை வைத்துச் சொல்ல முடியுமா? ரயில்வேயே வரைந்த பிளான் எங்காவது கிடைக்குமா?

அளவுகோல்:
முதல் சிக்கல் மேப்பில் இல்லை, உங்கள் 0.597ல் இருக்கிறது. அது பூமத்திய ரேகைக்கான எண். இணைய மேப்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் முறையில் இருக்கும். வடக்கே போகப் போக எல்லாம் பெரிதாகத் தெரியும். கிளிஃப்டன் ஏறக்குறைய 53.5 டிகிரி வடக்கு. அதன் கொசைன் 0.595. ஆக, ஜூம் 18ல் ஒரு பிக்சல் அங்கே 0.355 மீட்டர்தான். நீங்கள் எடுத்த ஒவ்வொரு நீளமும் உண்மை நீளத்தைப் போல 1.68 மடங்காகியிருக்கிறது.

உங்கள் 79ஐ 1.68ஆல் வகுத்துப் பாருங்கள், 47 வரும். இது சரியான எண். கேஜ் 5 அடி 3 அங்குலம், இரண்டு தண்டவாளத் தலைகளின் அகலம் சேர்த்து சுமார் 5½ அங்குலம், நடுவில் போர்டு ஆஃப் டிரேடு (அன்று ரயில்வேயைக் கண்காணித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) கேட்ட குறைந்தபட்ச இடைவெளி 6 அடி. கூட்டினால் 11 அடி 8½ அங்குலம், 4 மி.மீ. ஸ்கேலில் 46.8 மி.மீ.

இருந்தாலும் பிக்சல் கணக்கை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். கிளிஃப்டன் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது, ஹோட்டல் வளாகத்தின் பகுதியாக. சாட்டிலைட் படத்தில் ரூலர் கருவியால் அதன் நீளத்தை அளந்து, ஸ்கிரீன்ஷாட்டில் அதே சுவர்களுக்கு நடுவே உள்ள பிக்சல்களோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் யார்டுக்கு வெளியே இன்னும் தூரமாக உள்ள இரண்டு புள்ளிகளையும் எடுங்கள். தூரம் கூடக் கூடப் பிழை குறையும்.

தனித் தாளாக ஸ்கேன் கிடைத்தால் அதுவே மேல். 25 அங்குலத் தாள் ஒன்று தரையில் 1½ மைலுக்கு 1 மைல், பார்டருக்குள் 965.6 மி.மீ. × 643.7 மி.மீ. இருக்க வேண்டும். பழைய காகிதம் நீளவாட்டில் ஒரு மாதிரியும் அகலவாட்டில் வேறு மாதிரியும் சுருங்கும். அதனால் இரண்டு திசையையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். 1:2500லிருந்து 1:76.2க்குப் பெருக்கம் 32.81, அதாவது 3281 சதவீதம்.

கிராசிங்மூக்கு:
பாயின்ட் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. வெப் மெர்கேட்டரில் நீளம்தான் மாறும், கோணம் மாறாது. எனவே ஸ்கேலைத் திருத்தினாலும் இது போகாது.

மேப்பில் ஒரு கோட்டின் தடிமன் 0.3 மி.மீ. என்று வையுங்கள். 32.81ஆல் பெருக்கினால் உங்கள் மேசையில் அது 9.8 மி.மீ., கிட்டத்தட்ட உங்கள் கேஜில் பாதி. அந்த மைக்குள் எங்கே வேண்டுமானாலும் தண்டவாளம் இருக்கலாம். பாயின்டின் தொடக்கத்தில் இரண்டு தண்டவாளங்களும் 100 மி.மீ. விலகும் இடம் மேப்பில் 0.04 மி.மீ. அதை எந்த வரைவாளராலும் காட்ட முடியாது. எனவே நாக்கின் (பாயின்டில் நகரும் தண்டவாளத்தின்) நுனியிலிருந்து பல மீட்டர் தாண்டிய பிறகுதான் லைன் பிரிவதே கண்ணுக்குத் தெரியும். பாயின்டின் முன்பாதி காணாமல்போய், மிச்சம் குட்டையாகவும் கூர்மையாகவும் தெரிகிறது.

ஆகவே கோட்டின் மேல் கோடு வரையாதீர்கள். கிராசிங்கை (பிரியும் லைன்களின் உள்தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தை) தாண்டி இரண்டு லைன்களும் நேராகிவிட்ட பகுதியில் அளவெடுங்கள். அங்கே 16 மி.மீ. நீளத்துக்குள் (தரையில் 40 மீட்டர்) மையக்கோடுகளின் இடைவெளி 2 மி.மீ. கூடினால் அது 8க்கு 1. வளைவில் அளந்தால் தப்பான விடைதான் வரும்.

பிறகு டெம்ப்ளாட் என்ற தண்டவாள வரைவு மென்பொருளில் மேப்பைப் பின்னணிப் படமாக வைத்து, கேஜை 21 மி.மீ. என்று கொடுத்து, 8க்கு 1 டெம்ப்ளேட்டைக் கிராசிங் மூக்கு பொருந்துமாறு நகர்த்துங்கள். நாக்கு எங்கே வருகிறதோ அங்கேயே விடுங்கள். மேப்பின் கோட்டோடு நாக்கைப் பொருத்த முயன்றால் மறுபடி 5க்கு 1தான்.

டயமண்டா ஸ்லிப்பா என்பதை இந்த மேப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ட்ராப் பாயின்ட்களும் (தவறி நகரும் வண்டியைத் தடம்புரளச் செய்து முதன்மை லைனைக் காப்பவை) அப்படியே. சர்வேயருக்கு அவை தேவைப்படவில்லை. சிக்னல் கம்பம், சிக்னல் கேபின், எடை மேடை ஆகியவற்றுக்குத் தலைப்பெழுத்துகள் இருக்கும். அவற்றைக் குறித்துவையுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

பழையதாள்:
ஆவணங்கள் பற்றி. முதலில் மேப்பின் வயதைப் பாருங்கள். இந்தப் பாதை கிளிஃப்டன்வரை திறந்தது 1895 ஜூலையில், மூடியது 1935 ஏப்ரலில். தாளின் ஓரத்தில் சர்வே செய்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று தனித்தனியாக இருக்கும். அச்சிட்ட ஆண்டை எடுத்துக்கொள்ளவே கூடாது. இணையத்தில் தாள்களை ஒட்டித் தைத்திருப்பதால் ஓரம் வெட்டப்பட்டு அந்தத் தகவல் போய்விடுகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மேப் நூலகம் போன்ற இடத்தில் முழுத் தாளையே கேட்டுப் பாருங்கள்.

பின்னாளில் இதே பாதையில் உள்ள மாம் கிராஸ் மாதிரி ஸ்டேஷனுக்குப் போனால் ஒன்று கவனிக்கவும்: மலையும் சதுப்புமான பகுதிகளை 25 அங்குல சர்வே விட்டுவிட்டது. அங்கே 6 அங்குல மேப்பை (1:10560) நம்பவேண்டி வரலாம். யார்டு வேலைக்கு அது போதாது.

ரயில்வே பிளான்களுக்கு முதலில் அணுகவேண்டியது டப்ளினில் உள்ள ஐரிஷ் ரயில்வே ரெக்கார்ட் சொசைட்டி. "கிளிஃப்டன் பிளான் இருக்கிறதா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கம்பெனி பெயர், காலம், எந்த வகை வரைபடம் என்று எழுதுங்கள். சிக்னல் டயக்ராம் ஒரு வகை, பொறியாளர் அலுவலக ஸ்டேஷன் பிளான் இன்னொரு வகை. அங்குலத்துக்கு 40 அடி பிளான் (1:480) கிடைத்தால் 6.3 மடங்கு பெரிதாக்கினால் போதும். 25 அங்குல மேப்போடு ஒப்பிடவே முடியாத துல்லியம். அங்குலத்துக்கு 2 செயின் பிளான் (1:1584) என்றால் 20.8 மடங்கு. 1925க்குப் பிறகு கிரேட் சதர்ன் ரயில்வேஸ் பெயரிலும் பட்டியலிட்டிருக்கலாம், அதையும் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவரை புதுப் பாதைகளைப் போர்டு ஆஃப் டிரேடு அதிகாரிதான் வந்து சோதித்தார். அறிக்கைகள் எம்.டி. 29 வரிசையில், கடிதங்களும் சில வேளைகளில் இணைத்த வரைபடங்களும் எம்.டி. 6 வரிசையில். ஸ்டேஷன் பெயரில் ஒன்றும் வராவிட்டால் கம்பெனி பெயரையும் 1894 முதல் 1896 வரையான ஆண்டுகளையும் போட்டுத் தேடுங்கள்.

நேரம் வீணாக்கும் இரண்டு: பாதை அனுமதிக்குத் தாக்கல் செய்த பிளான்களில் மையக்கோடும் விலகல் எல்லையும் (பாதை எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம் என்பது) மட்டும்தான் உண்டு, யார்டு இருக்காது. கிளியரிங் ஹவுஸ் (ரயில்வே கம்பெனிகளுக்கிடையே வருமானத்தைப் பங்கிட்ட அமைப்பு) டயக்ராம்கள் எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம், எத்தனை மைல் என்று மட்டும் சொல்லும்.

புகைப்படத்துக்கு அயர்லாந்து தேசிய நூலகத்தின் லாரன்ஸ் தொகுப்பு. 1870 முதல் 1914 வரையான காலம் உங்களுக்குப் பொருந்துகிறது. அதே நூலகத்தின் ஓ'டீ தொகுப்பு ரயில் படங்களுக்குப் பொக்கிஷம், ஆனால் 1937ல்தான் தொடங்குகிறது. கிளிஃப்டனில் அதற்குள் ரயில் நின்றுவிட்டது.

கானமாரா4மிமீ:
மிக்க நன்றி. 0.355 வைத்ததும் மைய இடைவெளி 47க்கு வந்துவிட்டது. இன்னொரு சந்தேகம்: பிளான் கிடைக்காமல் சோதனை அறிக்கை மட்டும் கிடைத்தால் பயன் உண்டா? வெறும் எழுத்துதானே?

கிராசிங்மூக்கு:
நிறையப் பயன். அந்த அறிக்கைகளில் கேபினில் எத்தனை லீவர் (பாயின்டையும் சிக்னலையும் இயக்கும் கைப்பிடி) வேலை செய்கிறது, எத்தனை ஸ்பேர் என்று எழுதுவது வழக்கம். உங்கள் பிளானை அந்த எண்ணோடு மோதவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன டெர்மினஸ்: டிஸ்டன்ட், ஹோம், ஸ்டார்ட்டர் என 3 சிக்னல். உள்ளே நுழையும் ஃபேசிங் பாயின்டுக்கு (வரும் ரயிலை எதிர்கொண்டு பிரிக்கும் பாயின்ட்) 1, அதன் லாக்குக்கு 1. லூப்பின் (இரு முனையிலும் முதன்மை லைனில் சேரும் பக்க லைன்) பாயின்டும் அதோடு சேர்ந்து நகரும் ட்ராப்பும் 1. கூட்ஸ் யார்டு பாயின்டும் ட்ராப்பும் 1. மொத்தம் 7. என்ஜின் கழன்று திரும்பும் கடைசிப் பாயின்ட் பெரும்பாலும் கைலீவரில் இருக்கும், கேபின் கணக்கில் சேராது. உங்கள் வரைபடத்துக்கு 11 லீவர் தேவைப்பட்டு அறிக்கை 7 என்றால், நீங்கள் போட்ட பாயின்ட்களில் சில கைலீவர், அல்லது அந்த ஆண்டில் இல்லவே இல்லை.

1889ல் ஆர்மா ரயில் விபத்துக்குப் பிறகு வந்த சட்டம் பயணிகள் பாதையில் பாயின்டையும் சிக்னலையும் இன்டர்லாக் செய்வதை (ஒன்றுக்கொன்று முரணாக இயங்காதபடி பூட்டுவதை)க் கட்டாயமாக்கியது. 1895ல் திறந்த பாதை முழுக்க அந்த விதிக்குள் வரும். எனவே சைடிங் (வண்டிகளை நிறுத்தும் பக்க லைன்) எதுவும் ட்ராப் பாயின்ட் இல்லாமல் பயணிகள் லைனில் சேராது என்று எடுத்துக்கொண்டே வரையுங்கள்.

பழையதாள்:
அறிக்கையும் மேப்பும் முரண்பட்டால் இரண்டின் ஆண்டையும் பிளான் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். 1895 அறிக்கையில் இல்லாத சைடிங் பிந்தைய மேப்பில் இருந்தால் அது பின்னால் போட்டது, 1910க்கு வைத்துக்கொள்ளலாம். மேப்பில் இருந்து லாரன்ஸ் படத்தில் காணோம் என்றால், கேமரா எந்தப் பக்கம் நின்றது, நடுவில் வேகன் வரிசை மறைக்கிறதா என்று பார்த்த பிறகே அழியுங்கள்.