கெட்டிமேளம் பாதியில் நின்ற கதை: டிவிடி வீடியோவை எடிட்டிங்கில் ஏற்றியவர்கள் சொல்லுங்கள்

பழையபெட்டி:
அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் போட ஒரு பத்து நிமிட வீடியோ. அதற்கு அக்காவின் 2006 கல்யாண டிவிடியிலிருந்து நாலு துண்டு வேண்டும், அவ்வளவுதான் வேலை. டிவிடிக்குள் வீடியோ இருக்கும் விஓபி ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேர் ஏற்கவே இல்லை. பெயரின் கடைசியில் எம்பிஜி என்று மாற்றினேன், வாங்கிக்கொண்டது. அத்தான் தாலியைக் கையில் வாங்குகிறார், யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துகிறார், தவிலில் ஒரே ஒரு அடி, டக்கென்று நின்றுவிட்டது. ஃபைல் அங்கே முடிகிறது. அடுத்த ஃபைலைப் பக்கத்தில் ஒட்டினால் நடுவில் ஒரு சின்ன வெட்டு, மேளத்தில் ஒரு விக்கல். டிவிடியில் 1 ஜிபிக்கு ஒரு துண்டாக நறுக்கி வைப்பார்கள், தெரியும். அதற்காகத் தாலி கட்டும் இடத்திலா நறுக்க வேண்டும்?

இருபத்தைந்து:
பெயரை மாற்றினால் ஃபைல் மாறிவிடாது அண்ணே, உள்ளே அதே எம்பெக்-2 சுருக்க முறைதான். முறையாக எம்பி4 ஆக்கியே நான் பட்டிருக்கிறேன். தாத்தா பாடிய ஒரே பதிவு, முக்கால் மணி நேரம். முதல் பாட்டு சரியாக இருந்தது. கடைசிப் பாட்டில் தாத்தா வாயை மூடிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியை எடுக்கிறார், குரல் மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது, ராத்திரி தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 'வேரியபிள்' (மாறலாம்) என்று விட்டிருந்தேன். மாறாமல் 25 என்று வைத்து மறுபடி மாற்றியதும் உதடும் குரலும் சேர்ந்துகொண்டன.

சீப்புப்பல்:
எம்பி4 ஆக்கியதே தப்பு என்பேன். ஏற்கெனவே சுருக்கியதை இன்னொரு தரம் ஏன் சுருக்க வேண்டும்? எனக்கு வந்த வினை வேறு, தங்கை கும்மியடிக்கும்போது கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்தது. நம் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576 புள்ளி, வீடியோ கேமராவில் எடுத்ததென்றால் நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒரு கோடுதான் இருக்கும். இது இன்டர்லேஸ், அதாவது அரைப்பட முறை, என்று எடிட்டிங்கில் சொல்லாமல் ஏற்றினால் இப்படித்தான். நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் டிஸ்க் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள், டிரைவிலிருந்து நேரே எடிட் பண்ண உட்காராதீர்கள். அப்புறம் மேக்எம்கேவி என்ற சாஃப்ட்வேரில் கொடுத்தால் துண்டுகளெல்லாம் ஒரே ஃபைலாகிவிடும், தரம் குறையாது. எடிட்டிங் அதை ஏற்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் என்ற சாஃப்ட்வேரில் புரோரெஸ் என்ற எடிட்டிங்குக்கு ஏற்ற வகையாக ஆக்குங்கள், டிவிடியின் சுருக்கிய ஏசி3 சத்தத்தைச் சுருக்காத வேவ் ஆக்குங்கள். இடம் நிறையப் பிடிக்கும், பிடிக்கட்டும். டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அதுவும் பருத்தித் துணியால். மேலே பால்பாயின்ட் பேனாவால் எழுதவே எழுதாதீர்கள். இன்னொன்று,

இருபத்தைந்து:
அவர் கேட்டது கெட்டிமேளத்தை, நீங்கள் டிஸ்க் துடைக்கப் போய்விட்டீர்கள். என் லேப்டாப்பில் புரோரெஸ் ஓடினால் திக்குகிறது, தாத்தாவுக்கு எம்பி4 போதும்.

பழையபெட்டி:
ஒரே ஃபைலாக்கிவிட்டேன், சீப்புப்பல் சாருக்கு நன்றி. மேளம் முழுசாக விழுகிறது, விக்கல் இல்லை. ஆனால் அம்மாவிடம் போட்டுக் காட்டியதும், "மாப்பிள்ளை அப்போ இவ்வளவு குண்டாவா இருந்தார்?" என்று கேட்டுவிட்டாள். டிவி நிறையட்டும் என்று 4:3 படத்தை 16:9க்கு இழுத்திருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு மறுபடி ரெண்டர் ஓடுகிறது.