நாற்பத்தைந்துக்கு மேல் பஸ்கி போடலாமா? முழங்கால் விரல்நுனியைத் தாண்டினால் என்ன?

சிலம்பக்கூடம்:
எங்கள் குடியிருப்பில் ஞாயிறன்று நடந்த உடல்நலக் கூட்டத்தில் பேசிய பயிற்சியாளர் ஒருவர், நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் பஸ்கி, அதாவது குந்தி எழும் பயிற்சி, போடவே கூடாது என்றும், போட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டாதபடி பாதி உட்கார்ந்து எழுந்துவிட வேண்டும் என்றும், மற்றபடி நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குக் கைதட்டல் வேறு. இதே கருத்தை நடைராஜா ஐயா இங்கே பலமுறை எழுதியிருக்கிறார் என்பதால், அவரும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. வயது ஏற ஏற அந்த வேகம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இரண்டாம் பாதியை மூடி வைப்பது எந்த வகை நேர்மை? கல்யாணப் பந்தியில் தரையில் உட்காரவைத்தால் நம் வயது ஆண்கள் எப்படி எழுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு கையை இலைக்குப் பக்கத்தில் ஊன்றி, மறுகையால் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து, முதலில் ஒரு முழங்காலில் நின்று, மூச்சு வாங்கி, அதன் பிறகே நிமிர்கிறார்கள். இவர்களில் தினமும் நடப்பவர்கள் எத்தனையோ பேர்.

நடைராஜா:
என் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டதால் பதில் எழுதுகிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மழை வெயில் பாராமல் நடப்பவன் நான். எனக்குச் சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை, முழங்கால் வலியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத்தான் அமைத்தது. பஸ்கி மைதானம் அமைக்கவில்லை. பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், இளவயதில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று கண்டார்கள். முழங்கால் விரல்நுனியைத் தாண்டும்போது முட்டிச்சில்லின் மீது அழுத்தம் கூடுகிறது என்பதை எந்த எலும்பு மருத்துவரும் மறுக்க மாட்டார். சிலம்பம் சுற்றத் தெரிந்தவர்களுக்கெல்லாம் மூட்டைப் பற்றியும் தெரியும் என்று நான் நம்பவில்லை.

சிலம்பக்கூடம்:
பெய்ஜிங் ஆய்வைத் தொட்ட ஐயா அதை முழுதாகப் படித்திருக்கலாம். அங்கே பேசப்பட்டது நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் குந்தியிருந்தவர்களைப் பற்றி. பத்துப் பதினைந்து முறை உட்கார்ந்து எழுபவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆழமாக உட்காருவது முழங்காலின் இணைப்பு நார்களைத் தளர்த்திவிடும் என்ற அச்சம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961-இல் சொன்னதிலிருந்து பரவியது. பின்னால் வந்தவர்கள் பலமுறை அளந்து பார்த்தும் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் அறுபது ஆண்டுகளாக அது ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

விரல்நுனி விவகாரத்துக்கு வருகிறேன். 2003-இல் பளு தூக்கிப் பழகிய ஏழு ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்தபோது முழங்கால் மீதான திருப்புவிசை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. இடுப்பின் மீதானதோ சுமார் பத்து மடங்கானது. சுமையை முழங்காலிலிருந்து இறக்கி இடுப்பிலும் முதுகிலும் ஏற்றிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐயாவிடம் ஒரே கேள்வி: மாடிப்படி இறங்கும்போது உங்கள் முழங்கால் விரல்நுனியைத் தாண்டுகிறதா இல்லையா?

மல்லிகைப்பந்தல்:
இருவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. வலது முழங்காலில் தேய்மானத்தின் தொடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். இயன்முறை மருத்துவர் எனக்குப் பஸ்கியையும் சொல்லவில்லை, வெறும் நடையையும் சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடைத்தசையை இறுக்கி விடச் சொன்னார். பிறகு கையில்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். முன்பு படி இறங்கும்போது கைப்பிடியை விடவே பயப்படுவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்பதையும் யாராவது பேசினால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

நடைராஜா:
மல்லிகைப்பந்தல் அம்மா எழுதியதைக் கவனியுங்கள். மருத்துவரே பஸ்கி சொல்லவில்லை. இதைத்தான் நானும் சொல்கிறேன்.

சிலம்பக்கூடம்:
நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது பஸ்கி இல்லாமல் வேறு என்ன? நாற்காலியின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அது தரையில் போய்த்தான் நிற்கும். அந்தச் சகோதரிக்கு நடந்த நல்லதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் ஐயாவின் வங்கித் திறமையை வியக்கிறேன். படிக்கட்டுக் கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம்.

ஓட்டக்காரன்:
முழங்கால் தேய்ந்துவிடும் என்ற பயத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஐம்பதில் ஓடத் தொடங்கிய எனக்கும் இதையே சொன்னார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கின்படி, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. உட்கார்ந்திருப்பதுதான் மூட்டுக்குக் கேடு.

நடைராஜா:
அதே கணக்கில் போட்டிகளில் ஓடுபவர்களுக்கு 13.3 விழுக்காடு என்று இருப்பதைத் தம்பி ஏன் விட்டுவிட்டார்? தார்ச்சாலையில் ஓடிவிட்டுப் பதக்கத்தோடு படம் போடுபவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று நான் எழுதியபோது என்னைப் பழமைவாதி என்று திட்டியவரும் இதே ஓட்டக்காரன்தான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டக்காரன்:
போட்டிக்காகத் தொழில்முறையில் ஓடுபவர்களின் கணக்கைக் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் என்மீது ஏற்றுவது முறையில்லை. கருப்பட்டியை இங்கே இழுப்பது, சொல்ல வேறொன்றும் இல்லாதவர் செய்கிற வேலை.

சிலம்பக்கூடம்:
கருப்பட்டியை விடுங்கள். உணவைப் பற்றிப் பேசுவதானால் புரதத்தைப் பேசுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று வைத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ ஐம்பது கிராம். காலையில் இட்லி, மதியம் சோறும் இரசமும், இரவில் மறுபடி இட்லி என்று சாப்பிட்டுவிட்டு எட்டுக் கிலோமீட்டர் நடப்பவரின் தொடையில் தசை எங்கிருந்து நிற்கும்? ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது.

நடைராஜா:
நான் முட்டை சாப்பிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். பயறும் சுண்டலும் தயிரும் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் வீட்டில் எண்பது வயது வரை எழுந்து நடமாடினார்கள். என் தாயார் கடைசி வரை பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். நானும் தினமும் போடுகிறேன்.

சிலம்பக்கூடம்:
ஐயா, நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படியுங்கள். காதைப் பிடித்துக்கொண்டு தரைவரை தாழ்ந்து எழும் தோப்புக்கரணத்தில் முழங்கால் விரல்நுனியைத் தாண்டுகிறதா இல்லையா? உங்கள் தாயாரின் முழங்கால் எண்பது வரை தாங்கியதற்கு நடை மட்டும்தான் காரணமா? ரியோ டி ஜெனிரோவில் 51 முதல் 80 வயது வரையுள்ள சுமார் இரண்டாயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். கையையும் முழங்காலையும் பலமாக ஊன்றி, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறந்த விகிதம், நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இது 2012-இல் வெளியானது.

நடைராஜா:
தோப்புக்கரணம் வழிபாடு, அதை உங்கள் பஸ்கியோடு சேர்த்துப் பேசாதீர்கள். மெதுவாக, பக்தியோடு, சில முறை மட்டும் போடுவது வேறு. தோளில் இரும்புக் கம்பியை ஏற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று உறுமுவது வேறு. ஐம்பது வயதில் ஜிம்முக்குப் போய் முதல் வாரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்த இடத்தின் வாசலில் நான் அவர்களுக்காகப் போய் நின்றிருக்கிறேன்.

ஓட்டக்காரன்:
கட்டணத்தைப் பறிகொடுத்ததற்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு?

சிலம்பக்கூடம்:
மெதுவாகத் தொடங்கச் சொல்லித்தான் நானும் எழுதுகிறேன். முதல் நாளே தோளில் கம்பியை ஏற்றுங்கள் என்று எங்கே எழுதினேன்? 1990-இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு ஆகும் என்றால் ஐம்பத்தேழு வயது ஐயாவுக்கு ஆகாதா? அவருக்கு ஆக வேண்டாம், போகட்டும். தன்னை நம்பிப் படிக்கும் மற்றவர்களை நாற்காலியோடு கட்டிப்போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
எலும்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டம்பெல் எந்த எடையில் தொடங்குவது என்றாவது சொல்லுங்கள்.

நடைராஜா:
அம்மா, நீங்கள் டம்பெல்லைத் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே எழுதுபவர்களைக் கேட்காதீர்கள். சிலம்பக்கூடத்தாருக்கு என் கடைசிச் சொல் இது: படியில் இறங்கும்போது முழங்கால் ஒரு கணம் முன்னே போகிறது, உடனே திரும்புகிறது, அதுவும் பழகிய கால். அதை வைத்து நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களை ஆழமாகக் குந்தச் சொல்வது பொறுப்பற்ற செயல். பாதிக்கு மேல் உட்காரக் கூடாது என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சிலம்பக்கூடம்:
ஆக, படியில் முழங்கால் விரல்நுனியைத் தாண்டுகிறது என்பதை ஐயாவே எழுதிவிட்டார். அப்படியானால் தாண்டக் கூடாது என்ற விதி எங்கே போயிற்று? பேருந்துப் படியில் ஏறும்போதும், கட்டிலுக்கு அடியில் விழுந்த சாவியை எடுக்கும்போதும், ஊரில் பழைய வீட்டுக் கழிப்பறையில் உட்காரும்போதும் அந்த விதி எங்கே போகிறது?

நடைராஜா:
நான் தாண்டுகிறது என்று எழுதவில்லை; ஒரு கணம் முன்னே போகிறது என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள்.