பனி அகற்றும் இயந்திரத்தில் பெட்ரோல் கசிவு

கேள்வி: ஸ்காபரோவில் கோடை முழுவதும் கராஜில் நின்ற எங்கள் இயந்திரத்தின் கார்புரேட்டருக்கு அடியில், அது ஓடாத வேளையிலும் பெட்ரோல் சொட்டுகிறது. எங்கிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும்?

மறுமொழி 1: தொட்டிக்குக் கீழுள்ள எரிபொருள் வால்வை மூடுங்கள். சொட்டு நின்றுவிட்டால், பழைய பெட்ரோல் பிசினாக இறுகி கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவையின் ஊசியை முழுவதும் மூடவிடாமல் தடுப்பதோ, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் ரப்பர் வளையம் விறைத்துப்போனதோ காரணமாக இருக்கலாம். ஊசியைத் துப்புரவாக்கி, வளையத்தைப் புதிதாக மாற்றுங்கள்.

மறுமொழி 2: அண்ணா, அதற்கு முன் எஞ்சின் எண்ணெய் அளக்கும் கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் அது எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. எண்ணெயை மாற்றாமல் இயக்கவே வேண்டாம். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால், பெட்ரோல் ஆவி தரையோடு பரவித் தீப்பற்றக்கூடும் என்பதால், இயந்திரத்தை இன்றே வெளியே வையுங்கள்.

கேட்டவர்: வால்வை மூடியதும் சொட்டு நின்றது, எண்ணெயிலும் வாசம் இருக்கிறது. இரண்டையும் செய்கிறேன், மிக்க நன்றி.